துக்கம் கேட்காத வீடு

சரவணா,

"அம்மா நலம்" என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருப்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மாத்திரைகள் வேளாவேளைக்கு உள்ளே போகின்றன. உன் பாலு மாமா வீட்டு மாடி அறையில், சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். தஞ்சாவூரில் மழை விட்டபாடில்லை. கீழே செல்வி அத்தை டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாமா போனதிலிருந்து அவளுக்கு அப்படி ஒரு பழக்கம்.

இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று நீ கேட்பாய். மன்னார்குடியிலும் பிறகு தஞ்சாவூரிலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எதைப் போனில் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று நம் வீட்டில் என்னைவிட யாருக்குத் தெரியும்? தினமும் நீ கூப்பிடுகிறாய். "சாப்டியாம்மா? டிக்கெட் போடட்டுமா?" என்று இரண்டு கேள்வி கேட்கிறாய். முதலாவதற்கு "ஆச்சு" என்கிறேன். இரண்டாவதற்கு "பாக்கலாம்" என்கிறேன். பின்னால் உன் அப்பா நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். அவர் மூச்சு விடுகிற விதம் தெரியாமலா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்? அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் சுற்றிக்கொண்டு வரும், பொறுமையாகப் படி.

எங்களை நீ ஆஸ்திரேலியாவில் டார்வினுக்குக் கூப்பிட்டபோது நான் சொன்ன ஒரே சாக்கு குளிர். ஸ்வெட்டரும் சாக்ஸும் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க என்னால் முடியாது என்றேன். நீ சிரித்தாய். "அம்மா, இங்க தஞ்சாவூர் வெயில்தான். மாங்கா ரோட்டுல விழுந்து கிடக்கும், பொறுக்க ஆள் இல்ல. புளியமரம்கூட இருக்கு" என்றாய். நீ சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மாங்காய் விழுந்துதான் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் புடலங்காய், கீரை, கறிவேப்பிலை எல்லாம் கிடைத்தன. பருத்திப் புடவையும் ஹவாய் செருப்புமாகவே இருந்தேன். சாக்கு போய்விட்டதால் சந்தோஷமாக இருந்தே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது எனக்கு. ஆனால் வெயில் ஒன்றாக இருந்தால் ஊர் ஒன்றாகிவிடாது, சரவணா. நீயும் கவிதாவும் உங்கள் பெண்ணை ஸ்கூலில் விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனபிறகு அந்தத் தெருவில் மனிதக் குரல் என்று ஒன்று கேட்காது. கடல் பக்கத்தில் இருந்தது, காலை நனைக்கக் கூடாது, முதலை இருக்கிறதென்று போர்டு வைத்திருந்தார்கள். மத்தியானத்தில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நின்றுபோனால் எழுந்து போய்ப் பார்ப்பேன்.

உன் அப்பாவுக்கு அந்த ஊர் பிடித்துப்போயிற்று, அதை நான் மறுக்கவில்லை. இங்கே இருந்தவரை வாசல் கேட்டைத் தாண்டி நடக்கச் சொன்னால் முழங்காலைக் காட்டியவர், அங்கே தொப்பி மாட்டிக்கொண்டு கடற்கரை ஓரமாக நடந்துவிட்டு வந்தார். தூண்டில் போடுகிற கிழவர்கள் நாலு பேரைச் சிநேகம் பிடித்துவைத்துக்கொண்டார். மீனே சாப்பிடாத மனுஷன், எந்த மீன் எப்போது வரும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். அதனால்தான் என் முகம் எப்படி இருக்கிறது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, உன் மாமாவைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே எங்களுக்குத் தஞ்சாவூரைவிட நாலு மணி நேரம் முன்னதாகவே பொழுது போய்விடும். நான் சமையலை முடித்துவிட்டுக் கூப்பிடும்போது பாலு உரக்கடையை மூடிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கத்திலிருந்து எழுந்திருப்பான். "என்னக்கா, முதலை இன்னும் உன்னைத் தின்னலையா?" என்றுதான் ஆரம்பிப்பான். "தின்னா அதுக்குத்தான்டா பிபி வரும்" என்பேன். பிறகு யூரியா வரவில்லை, வந்த யூரியாவுக்கு அடிதடி, முழங்கால், சீரியல் என்று பேச்சு போகும். கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டு, "நெசமாவே நல்லாருக்கியாக்கா?" என்பான். அவனிடம் மட்டும் நான் "இல்லடா" என்று சொல்லியிருக்கிறேன். "சரி, வெயில் தணிஞ்சதும் வா. வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போ" என்பான். உலகத்தில் என்னை "அக்கா" என்று கூப்பிட எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆள்.

தீபாவளிக்கு முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமை செல்விதான் போனை எடுத்தாள். "குளிக்கிறாரு அண்ணி" என்றாள். அதற்கடுத்த முறை, "தொண்டை கட்டிக்கிச்சு அண்ணி, பேச முடியல" என்றாள். குரலில் ஏதோ ஈரம் இருந்தது. ஜலதோஷம் அவளுக்கும் தொற்றிக்கொண்டது என்று நினைத்து மிளகு ரசம் வைக்கச் சொன்னேன். தீபாவளியன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். அதிரசம் சுட்டேன். உன் அப்பா இரண்டு எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து என் அதிரசத்தில் பாகு முறுகிவிட்டது அல்லது இளகிவிட்டது என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் விட்டதில்லை அவர். அன்று "நல்லாருக்கு" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்குப் பெருமையாக இருந்தது, சிரித்துக்கொண்டே இன்னும் ஒன்று வைத்தேன்.

அப்புறம் ஒரு வேலை நாளில், ஞாயிறுவரை பொறுக்காமல், நானாகக் கூப்பிட்டேன். செல்வி எடுத்தாள். எக்ஸ்சேஞ்சில் அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்பது விதி. ஆனால் காது என்ன, தாழ்ப்பாள் போட்ட கதவா? பேசுகிற குரலுக்குப் பின்னால் இருக்கிற வீடு எனக்குக் கேட்கும். கல்யாண வீடு, சண்டை போட்டுக்கொண்ட வீடு, நோயாளி இருக்கிற வீடு எல்லாம் கேட்கும். செல்வி பேசியபோது பின்னால் நிறையப் பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் அவளிடம் வந்து, "பதினாறுக்கு எத்தனை இலைன்னு சமையக்காரர் கேக்குறாருங்க" என்றார். "யாருக்குப் பதினாறு, செல்வி?" என்றேன். பதில் வரவில்லை. லைன் அறுந்தால் வருகிற மௌனம் வேறு, ஆள் இருந்தும் பேசாத மௌனம் வேறு. நான் போனை வைத்துவிட்டேன்.

கூடத்துக்கு வந்தேன். உன் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்னங்க, பாலு எப்ப போனான்?" என்றேன். அவர் பேப்பரை மடித்தார். மறுபடி பிரித்தார். "உனக்காகத்தான்... சரவணன்தான் சொன்னான். விசா பேப்பர் வர்ற நேரம், நாட்டை விட்டுப் போனா சிக்கல்னு. உனக்குப் பிபி வேற. காரியமெல்லாம் முடியட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னு..." என்றார். காலையில் எழுந்து கடைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போடும்போது கட்டிலில் சாய்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை என்று சொன்னார். என் தம்பி எப்படிச் செத்தான் என்பதை, அவன் சாம்பலைக் கரைத்தபிறகு, அதிரசம் தின்ற வாயிலிருந்து கேட்டேன்.

அப்போது நான் கத்தவில்லை. உள்ளே போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். ஈரத்தலையோடு வந்து, நாங்கள் கொண்டுபோன கோரைப்பாயைக் கூடத்தில் விரித்தேன். வாசல் கதவை ஒருக்களித்துத் திறந்துவைத்தேன். வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை கால் தானாகச் செய்தது. துக்க வீடு என்றால் ஆட்கள் வருவார்கள், வந்து உட்காருவார்கள், "எப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள், நாம் முதலிலிருந்து சொல்லுவோம், அடுத்தவர் வந்ததும் மறுபடி முதலிலிருந்து சொல்லுவோம். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் செத்தவர் செத்துவிட்டார் என்று நமக்கே தெரியவரும். டார்வினில் எனக்கு யார் வருவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. உன் அப்பா அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். ஏசி வீணாகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வெகுநேரம் கழித்து ஒருவன் வந்தான். கவிதாவுக்கு ஏதோ பார்சல். வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், என் தம்பி செத்துப்போனான் என்று சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றினான். "சாரி, லவ்" என்றான். பிறகு கையெழுத்துப் போடச் சொல்லி போன் மாதிரி ஒரு பெட்டியை நீட்டினான், விரலால் கிறுக்கிக் கொடுத்தேன். அந்த ஊரில் என்னிடம் துக்கம் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். லவ் என்று வேறு கூப்பிட்டான், உன் அப்பா கூப்பிட்டதில்லை.

சாயங்காலம் நீ வந்தாய். பாயைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்துவிட்டது. என் பக்கத்தில் உட்காரவில்லை நீ. நின்றுகொண்டே போனை எடுத்து, அப்பாவைப் பார்த்து, "யார் சொன்னா?" என்று கேட்டாய். நான் ஊருக்குப் போகவேண்டும் என்றபோது, "இப்பப் போய் என்னம்மா ஆகப்போகுது?" என்றாய். கோபத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே உனக்குத் தெரியாமல்தான் கேட்டாய். அது எனக்கு இன்னும் வலித்தது. பத்திரமாக அனுப்பி வைத்தாய், சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்தாய், சிங்கப்பூரில் விமானம் மாறும்போது மூன்று தடவை போன் பண்ணினாய். ஒரு தடவைகூட மாமா பெயரைச் சொல்லவில்லை.

என் அப்பா, உன் தாத்தா, இறந்த அன்று நான் எக்ஸ்சேஞ்ச் போர்டில் டூட்டியில் இருந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கூத்தாநல்லூர் வீடொன்றுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த அழைப்பை இணைத்துக் கொடுத்துவிட்டு, போர்டில் அடுத்து விளக்கு எரிந்த லைனை எடுத்தால், பாலு. "அக்கா, அப்பா போயிட்டாரு. உடனே வா" என்றான். அவ்வளவுதான். அவனுக்கு அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. உடம்பு சரியில்லை, சீரியஸ், எதற்கும் வந்து பார் என்று இழுக்கவில்லை அவன். நான் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வரைக்கும் அழுதுகொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்ன ஏது என்று கேட்டுவிட்டு, அவளும் கூட அழுதாள். வீட்டில் இறங்கியபோது எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள், நானும் அதற்குள் போய்ச் சேர்ந்துகொண்டேன். அன்றைக்கு அவன் எனக்குச் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு டார்வினில் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது.

கல்யாண வீடு என்றால் தாலி ஏறும்வரை சாவுச் சேதியை அமுக்கிவைப்பது நம் பக்கத்து வழக்கம்தான். நானே அறிவேன். ஆனால் அது ஒரு முகூர்த்த நேரம். மேளம் நின்றதும் சொல்லிவிடுவார்கள். உன் பெண் வளர்ந்து நாளைக்கு உனக்கு வயதாகும்போது அவளும் உன்னைக் காப்பாற்றப் பார்ப்பாள். சர்க்கரை டப்பாவை ஒளித்துவைக்கட்டும், கார் சாவியை ஒளித்துவைக்கட்டும். உன் மனிதர்களின் சாவை ஒளித்துவைக்க விடாதே. வயதான காலத்தில் தூர தேசத்துக்கு வந்து உட்கார்ந்தவர்களுக்குச் செய்தி எல்லாம் பிள்ளைகள் கை வழியாகத்தான் வருகிறது. நீ எதைக் கொடுக்கிறாயோ அதுதான் எங்களுக்கு உலகம். அதனால் சொல்கிறேன்.

நான் இங்கே வந்து இறங்கியது பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாள். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். செல்வி வாசலுக்கு வந்து என் பையை வாங்கிக்கொண்டு, "வாங்க அண்ணி, காபி போடவா?" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு நான் அழ ஆரம்பித்தேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. நான் அழத் தொடங்கியபோது அவள் அழுது முடித்திருந்தாள், சரவணா. ஒப்பாரி வைக்க வந்தவர்கள், தோளைப் பிடித்துக்கொண்டு கூட உட்கார்ந்தவர்கள், எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் ஒருத்தி மட்டும் புதிதாக ஆரம்பித்தால் அவளுக்கு ஆறின புண்ணைக் கீறினது போல ஆகும். அதனால் துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போவேன். மழையில் துணி காயாது என்று அவளுக்கும் தெரியும், கேட்கமாட்டாள்.

ஒருநாள் அவளே சொன்னாள். "நீங்க போன் பண்ணப்ப, குளிக்கிறாருன்னு சொல்லுங்கன்னு சரவணன் சொல்லியிருந்துச்சு. சொன்னேன். சொல்லிட்டு வெச்ச அந்த ஒரு நிமிஷம் எனக்கே நெசமாட்டம் இருந்துச்சு அண்ணி. பாத்ரூம்ல தண்ணி சத்தம் கேக்குதான்னு போய்ப் பார்த்தேன்." இதைச் சொல்லிவிட்டு அவள் கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டாள். புருஷனைப் பறிகொடுத்து இரண்டு நாள்கூட ஆகாதவளை அப்படிச் சொல்லவைத்தாய் நீ. என்னிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். அவளிடம் கேள்.

தெருவில் போனால் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "எப்ப வந்தீங்க? ஆஸ்திரேலியா எப்படி இருக்கு? அங்க ரொம்பக் குளிராமே?" என்கிறார்கள். "இல்லங்க, இங்க மாதிரியேதான் வெயில்" என்கிறேன். மாமாவின் சிநேகிதர் ஒருவர் கடைவீதியில் என்னை நிறுத்தி, தன் பையனுக்கு அங்கே வேலை கிடைக்குமா என்று கேட்டார். பாலுவைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் துக்கம் கேட்டு முடித்து நாளாகிவிட்டது, பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த அம்மாவாகத்தான் நான் இங்கே தெரிகிறேன். தம்பியைப் பறிகொடுத்த அக்காவாக யார் கண்ணுக்கும் தெரியவில்லை. நம் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள்கூட, மோட்டார் ரிப்பேர் என்றுதான் வந்து பார்த்தார்கள்.

இந்தத் தைக்கு இங்கே பொங்கல் பானை வைக்கப்போவதில்லை. தை கழிந்ததும் செல்வியை அவள் பையன் சென்னைக்குக் கூட்டிப்போகிறான், வீட்டைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் இந்த ஊரில் நான் இருக்க இடம் உண்டு, ஆள் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் விசா பேப்பர் வந்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்று போன வாரம் சந்தோஷமாகச் சொன்னாய். உன் அப்பா தினமும் ரொட்டியைத் தின்றுவிட்டுச் சமையல் ஆயிற்று என்று என்னிடம் பொய் சொல்கிறார். அவரை விட்டுவிட்டு நான் எங்கே இருந்துவிடப் போகிறேன்? உங்கள்மேல் கோபம் இருக்கிறது. இருந்தாலும் அங்கே மத்தியானத்தில் அவர் தனியாக உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே டிக்கெட் போடு. எனக்கு இல்லை, முதலில் உனக்கும் உன் அப்பாவுக்கும். தை முடிவதற்குள் வாருங்கள். திருச்சியில் இறங்கி வேறு எங்கும் போகாமல் நேரே இந்த வீட்டுக்கு வாருங்கள். கூடத்தில் பாய் விரித்திருப்பேன், அப்பாவுக்கு முழங்காலுக்காக ஒரு நாற்காலி போட்டுவைக்கிறேன். வாசலில் என்னைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், இளைத்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். உள்ளே வந்து உட்கார்ந்து, "எப்படி ஆச்சு?" என்று கேளுங்கள். உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், எனக்கு முன்னாலேயே தெரியும். ஆனாலும் கேளுங்கள். காலையில் எழுந்தான், கடைக்குக் கிளம்பினான், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான் என்று நான் முதலிலிருந்து சொல்கிறேன். இதுவரை ஒருத்தரிடமும் நான் சொல்லவில்லை. முடிக்கும்வரை போனைப் பார்க்காமல் இருங்கள். முடிந்ததும் பேசாமல் எழுந்து நடங்கள், துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. நானும் யாரிடமும் சொல்லாமல் உங்கள் பின்னாலேயே வந்து வண்டியில் ஏறிக்கொள்கிறேன்.

அம்மா